ஆறாவது மூடியில் எழுதிய தேதி

அத்தியாயம் 14

போன வாரம் ரேடியோவை எங்கே விட்டோம்? ஆறாவது கட்டடத்து மொட்டைமாடியிலிருந்து கையில் ஒரு சின்ன பாட்டிலோடு இறங்கி வந்தாள். "தண்ணி எடுத்தாச்சா?" என்று அப்பா கேட்டதற்கு உம் கூடக் கொட்டாமல் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டாள். அங்கேதான் விட்டோம்.

ரேடியோ யாரென்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஏழு கட்டடங்களும் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர். பேச்சு வந்த நாளிலிருந்து வாயை மூடாத பெண். படிக்கட்டில் ஏறுகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துப் பேசுவாள். அப்படிப்பட்டவள் பதினாறு வயதில் ஒரேயடியாகப் பேச்சை நிறுத்தினாள். இரண்டு பாடத்தில் தோற்றாள். பதினோரு நாள் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை.

பிறகு வந்தது சேவைப் பாடம். பாதியிலேயே நிற்கப்போகிறவர்கள் என்று பள்ளிக்கூடம் கைகழுவிய ஒன்பது பேரை அறிவியல் டீச்சர் அதில் சேர்த்துக்கொண்டார். நாற்பது மணி நேரம் தெருவில் இறங்கி வேலை பார்க்க வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சோதிப்பது அறிவியல். அதற்குக் கட்டம் போட்டு வரைபடம் வரைவது கணக்கு. குடியிருக்கிறவர்களைக் கேட்டு எழுதுவதும், ஆக வேண்டியதைக் கடிதமாக எழுதுவதும் மொழிப்பாடம். மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு.

ரேடியோ மறுபடி லேசாகப் பாட ஆரம்பித்தது அப்போதுதான். "அப்பா, உன் தொட்டி ஒவ்வொண்ணுலயும் எத்தனை லிட்டர் பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்!"

உன் தொட்டி என்று அவள் சொன்னதில் தப்பில்லை. ஏழு கட்டடங்களின் தண்ணீர்த் தொட்டிகளையும் கழுவிப் பராமரிப்பது அவள் அப்பாதான். அவரை எல்லோரும் கூப்பிடுவதே தொட்டிக்காரர் என்றுதான்.

சரி, இன்றைய கதைக்கு வருவோம்.

தொட்டிக்காரர் கண் விழித்தபோது மணி ஆறரை. முதல் கட்டடத்துப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார். அது ஓட ஆரம்பித்தால் அலமாரியில் தட்டுகள் கிடுகிடுவென்று ஆடும். இன்றைக்கும் ஆடின. ஆனால் மகளின் படுக்கை மடித்து வைத்திருந்தது. பள்ளிக்கூடச் சீருடை ஆணியிலேயே தொங்கியது. பை கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

சீருடை இங்கே இருக்கிறது, பிள்ளை இல்லை.

அலமாரியின் மேல்தட்டில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் பழைய துண்டு சுற்றி ஏழு பாட்டில்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் டீச்சர் கொடுத்த பொடி. தொட்டித் தண்ணீரை ஊற்றி, மூடி, கதகதப்பான இடத்தில் இரண்டு நாள் வைக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் பயமில்லை. கறுத்துப்போனால் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது. இதை எல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே ரேடியோதான்.

துண்டை விலக்கினார். ஒன்று முதல் ஐந்து வரை வெளிர் மஞ்சள். ஏழும் அப்படித்தான். ஆறு மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அந்தத் தொட்டியைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன!

பாட்டில்களுக்கு அடியில் பரிசோதனைத் தாள் மடித்து வைத்திருந்தது. ஏழு வரிசை. ஆறு வரிசைகளில் மகளின் குண்டு குண்டுக் கையெழுத்து. ஆறாவது தொட்டிக்கு எதிரே கட்டங்கள் காலி. ஒரே ஒரு கட்டம் மட்டும், குடியிருக்கிறவர்கள் சொன்னது என்ற கட்டம், நிரம்பியிருந்தது. 'நாலாம் மாடித் தையல்காரம்மா: இரண்டு மாதமாக வயிறு சரியில்லை. வயதாகிவிட்டது, அதனால்தான் என்கிறார்.'

அதை அவர் மூன்று தடவை படித்தார்.

எட்டு மணிக்கு டீச்சர் போன் செய்தார்.

"உங்க பொண்ணு நேத்து சாயங்காலமே என்கிட்ட வந்து, இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டா. ஏதோ செல்போன் கடையில வேலைக்குச் சேர்ந்துட்டாளாம். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ம்..." என்றார்.

"இன்னைக்கு மூணு மணிக்கு எல்லாரும் தாளைக் கொடுத்துட்டு, வகுப்புல படிச்சுக் காட்டணும். கொடுக்காதவங்க பேரை நீக்கிடுவாங்க. இந்தப் பாடத்தை நடத்த விட்டதே அந்த ஒரு நிபந்தனையிலதான், இன்னொரு தடவைன்னு நான் போய்க் கேக்க முடியாது. அவ நல்லா செஞ்சிருக்கா. ஒன்பது பேர்ல அவ தாள்தான் முதல்ல வரும்னு நெனச்சேன். என்ன ஆச்சு வீட்டுல?"

"ஒண்ணும் ஆகலையே டீச்சர்."

"ஒண்ணும் ஆகாமலா?"

"பார்க்கிறேன் டீச்சர்," என்றார் அவர். டீச்சர் போனை வைத்துவிட்டார்.

அடுத்து அவர் செய்த காரியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் நல்ல மனிதர் என்று போன வாரங்களில் நானேதான் உங்களிடம் சொன்னேன். அந்த நல்ல மனிதர் ஆறாம் நம்பர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கழுவுகிற இடத்துக்குப் போனார். கொட்டிவிடலாம். ஐந்திலிருந்து கொஞ்சம், ஏழிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் தீர்ந்தது. யார் வந்து அளக்கப்போகிறார்கள்?

மூடியைத் திறந்தார். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று மூக்கில் அறைந்தது. கை அப்படியே நின்றது. இதைத்தானா அந்த அம்மா குடிக்கிறாள்?

மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலைப் பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு முதல் கட்டடத்துக் குழாயில் ஒரு கேன் தண்ணீர் பிடித்துத் தோளில் வைத்துக்கொண்டு ஆறாவது கட்டடத்துக்கு நடந்தார்.

நாலு மாடி. முன்பெல்லாம் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறுகிறவர். நாலு மாதமாக வலது முழங்கால் மடங்க மறுக்கிறது. யாராவது எதிரே வந்தால் நொண்டாமல் நடப்பதற்குத் தனியாகப் பழகி வைத்திருந்தார். இன்றைக்கு எதிரே யாரும் வரவில்லை. ஆசை தீர நொண்டிக்கொண்டே ஏறினார்.

தையல்காரம்மா கதவைத் திறந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. பின்னால் தையல் மிஷினில் பாதி தைத்த பாவாடை ஒன்று தொங்கியது. தனியாக இருக்கிற அம்மா அவள்.

"தொட்டித் தண்ணி இன்னைக்குக் கொஞ்சம் கலங்கலா வரும்மா. இதைக் குடிங்க. தொட்டித் தண்ணியைத் தொடாதீங்க."

"ஐயோ, இதுக்காகவா இந்தக் காலோட ஏறி வந்தீங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காலுக்கு என்ன?"

"நீங்க நொண்டுறது படிக்கட்டுல கேக்குமே தம்பி. நாள் பூரா உள்ளேயே கிடக்கிறவளுக்கு வேற என்ன வேலை? ஒரு காலு டங்குன்னும், ஒரு காலு தேய்ச்சுக்கிட்டும் வந்தா நீங்கதான்." அவள் கேனைத் தடவிப் பார்த்தாள். "என்னை விசாரிக்கன்னு ஒருத்தர் வந்து எத்தனை நாளாச்சு! நல்லா இருங்க தம்பி."

அவர் தலையை நிமிர்த்தாமல் இறங்கிவிட்டார். அந்தக் கட்டடத்தில் முப்பத்திரண்டு வீடு. தண்ணீர் போனது ஒரே வீட்டுக்கு. அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

வழியில் மனைவிக்குப் போன் செய்தார். அவள் வேலை செய்வது தொலைவில் ஒரு விடுதிச் சமையலறையில். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், திங்கள் விடியும்போது போய்விடுவாள்.

"ஏங்க, நூத்தி இருபது பேருக்கு வெங்காயம் உரிச்சிட்டு நிக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மா போன் பண்ற ஆளா நீங்க? பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை சும்மா கூப்பிட்டிருக்கீங்களா? பாப்பாவுக்கு என்ன?"

"அவ நல்லாத்தான் இருக்கா. பேசத்தான் மாட்டேங்கிறா."

"நீங்க பேசினீங்களா?"

அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. ரெண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டீங்கன்னா செவுரா பேசும்?" பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. "வைக்கிறேன். போய்ப் பேசுங்க முதல்ல."

முழங்காலைப் பற்றி இன்றைக்கும் சொல்லவில்லை. மகள் வேலைக்குப் போய்விட்டதையும் சொல்லவில்லை.

பெரிய தெருவில் இருக்கிற செல்போன் கடைகளில் மூன்றாவதில் ரேடியோ கிடைத்தாள். கண்ணாடி மேஜைக்குப் பின்னால், வீட்டு உடுப்பில், யாருடைய போன் திரைக்கோ மேல்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு அட்டையை வைத்து அழுத்தி அழுத்தி, உள்ளே மாட்டிய காற்றுக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். வேலையை நிறுத்தவில்லை.

"ஸ்கூலுக்குப் போகலையா கண்ணு?"

"இல்ல."

"டீச்சர் போன் பண்ணாங்க. மூணு மணிக்குள்ள அந்தத் தாளைக் கொடுக்கணுமாம்."

"தெரியும்."

"பின்னே?"

"ஆறாவதை என்னன்னு எழுதச் சொல்றே?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "மஞ்சள்னு எழுத எனக்கு வரலப்பா. கறுப்புன்னு எழுதினா உனக்கு வேலை போயிடும். அந்தத் தாளோட நகல் செயலாளர்கிட்ட போகும். அதான் எழுதவே வேணாம்னு விட்டுட்டேன்."

செயலாளர் என்றால் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். தொட்டிக்காரரை வேலைக்கு வைத்தவர் அவர்தான், போகச் சொல்லக் கூடியவரும் அவர்தான்.

"தொட்டியில அப்பப்போ குப்பை விழுறதுதான். அதுக்கு நான் என்ன..."

"அப்பா." அவள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "மூடியில பன்னெண்டாம் தேதி சுத்தம் செஞ்சதா சிவப்புப் பெயிண்ட்ல எழுதியிருக்கே."

அவர் கண்ணாடி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பன்னெண்டாம் தேதி நீ எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியாதா? என்னைத் திரும்ப ஸ்கூல்ல விட வந்தே. தலைமையாசிரியை ரூமுக்கு வெளிய பெஞ்சுல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தே. எனக்கு அந்தத் தேதி மறக்குமாப்பா? நீ என்கூட ஒரு நாள் பூரா இருந்தது அன்னைக்கு மட்டும்தான்."

அவள் மறுபடி அட்டையை எடுத்துக் குமிழியைத் தள்ள ஆரம்பித்தாள். அது போகவில்லை. தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்குச் செயலாளர் போன் பண்ணாரு. எங்க இருக்கேன்னு கேட்டாரு. ஆறாவது மொட்டைமாடியில இருக்கேன் சார்னு நீ சொன்னே. ரூம் கதவு திறந்துதான் இருந்துச்சு, எனக்குக் கேட்டுச்சு. என்னாலதானே எல்லாம்? நான் ஒழுங்கா ஸ்கூலுக்குப் போயிருந்தா நீ அப்படிச் சொல்லியிருக்கவே வேணாம்."

"அப்படி இல்ல கண்ணு..."

கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வாடிக்கையா?"

"இல்ல சார்," என்றாள் ரேடியோ. "தெரிஞ்சவரு."

தெரிந்தவர்! தொட்டிக்காரர் தெருவில் இறங்கி நடந்தார். எத்தனை பேர் இடித்துக்கொண்டு போனார்கள் என்று அவருக்கே தெரியாது. தனக்காக ஒரு பிள்ளை தன் படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, யாரோ ஒருவர் போனைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. போட வைத்தது அவர் எழுதிய ஒரு தேதி. இதைச் சொல்லி அழக்கூட ஒரு ஆள் இல்லையே!

நேராக ஆறாவது கட்டடத்துக்கு வந்து, மறுபடி நாலு மாடி ஏறி, மொட்டைமாடிக் கதவைத் தள்ளினார்.

மற்ற கட்டடங்களில் இருப்பது பிளாஸ்டிக் தொட்டி. வெளியே நின்றபடியே நீளத் துடைப்பத்தால் தேய்த்துவிடலாம். இது பழைய சிமென்ட் தொட்டி, ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். உள்ளே இருந்த இரும்புப் படி துருப்பிடித்து உதிர்ந்து வருஷம் இரண்டாகிறது. குதித்து இறங்கி, தேய்த்து, கையை ஊன்றி எம்பி வெளியே வர வேண்டும். முழங்கால் நன்றாக இருந்தவரை அது ஒரு விஷயமே இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் பன்னிரண்டாம் தேதிதான் இந்தத் தொட்டியின் முறை. லீவு கேட்டால் கிடைக்காது என்று பள்ளிக்கூட பெஞ்சிலிருந்தே பொய் சொன்னார். செயலாளர் அதை நம்பிப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் வந்து செய்துவிடலாம் என்றுதான் அவர் நினைத்தார், சத்தியமாக நினைத்தார். மறுநாள் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபோதுதான், இறங்கினால் ஏறி வர முடியாது என்பது புரிந்தது. ஏணி கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பார்கள். காலைப் பார்ப்பார்கள். மேலேயிருந்தே மருந்துப் பொடியைத் தூவினார். மூடியில் பன்னிரண்டு என்று எழுதினார்.

அந்தப் பன்னிரண்டு இன்னும் பளிச்சென்று இருந்தது. மூடியின் ஓரம் உடைந்து, புறா எச்சமும் சருகும் இடுக்கில் அடைந்திருந்தன. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் பார்த்தபோது இவ்வளவு உடைசல் இல்லை.

தொட்டிக்காரர் குனிந்து வால்வைப் பிடித்து, அது நிற்கும் வரைக்கும் திருகினார். இப்போது முப்பத்திரண்டு வீட்டிலும் குழாய் காற்றைத்தான் கக்கும். அரை மணி நேரத்தில் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தட்டட்டும்.

அறைக்கு வந்து பெட்டியையும் தாளையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். உட்கார இடமில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பஸ் ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் ஏழு பாட்டிலும் கலகலத்தன. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க அதுல?" என்றார். "தண்ணி," என்றார் இவர். அந்த ஆள் நகர்ந்து நின்றுகொண்டார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே கால். டீச்சர் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து வகுப்பு மேஜையில் வைத்தார். ஆறாவது வந்ததும் நிறுத்தி, காலியாக இருந்த கட்டங்களைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இது..."

"என் தொட்டிதான் டீச்சர். தப்பு என்னோடது. பேனா கொடுங்க, நானே எழுதிடறேன்."

டீச்சர் பேனாவைக் கொடுக்கவில்லை. "நீங்க எழுதினா நான் வாங்க முடியாதுங்க. பொறுப்பாளர் வாயால சொல்லணும், பிள்ளை கேட்டு எழுதணும். அதுதான் இந்தப் பாடமே. அவளை வரச் சொல்லுங்க."

கடைக்குப் போன் போட்டார். "அந்தப் பொண்ணு சாப்பாட்டு நேரத்துல வீட்டுக்குப் போச்சு, இன்னும் வரல," என்றார் கடைக்காரர். மகளிடம் போன் இல்லை. நாள் முழுக்க ஊரார் போனைத் துடைக்கிறவளிடம் சொந்தமாக ஒரு போன் இல்லை.

திரும்பிப் போய் அழைத்து வர நேரம் கிடையாது. தலைமையாசிரியை அறைக்கு வெளியே அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எதிரே வகுப்பும் கடிகாரமும். இரண்டரை. இரண்டே முக்கால். எட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாளும் கையுமாக வகுப்புக்குள் போனார்கள். ஒருவனுக்குத் தலை வாரி விட்டிருந்தார்கள், தண்ணீர் இன்னும் சொட்டியது. ஒன்பதாவது பிள்ளைக்கு மட்டும் அங்கே வெறும் நாற்காலி கிடந்தது.

மூன்றுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது நடைவழியில் தடதடவென்று சத்தம். ரேடியோ! வியர்த்து ஒழுக, பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்திருந்தாள்.

"பெட்டி எங்க? பாட்டிலை எல்லாம் கொட்டிட்டியா? சாப்பிட வந்தா அலமாரியில தாளையும் காணோம்! கொட்டிட்டு இங்க வந்து பொய் சொல்லப் போறியாப்பா? வேணாம்பா! எனக்காக இன்னொரு பொய் வேணாம்!"

இரண்டு மாதத்தில் அவள் அவரிடம் ஒரே மூச்சில் இத்தனை பேசியது இல்லை. அவருக்குக் கோபம் வரவில்லை. கொட்டத்தானே போனார் காலையில்? திறந்திருந்த வகுப்புக் கதவு வழியாக மேஜையைக் காட்டினார். ஏழு பாட்டில்களும் வரிசையாக நின்றன. ஆறாவது கறுப்பாகவே இருந்தது.

ரேடியோ உள்ளே போய் அதன் மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உக்காரு," என்றார் டீச்சர். "ஆறு நிமிஷம் இருக்கு. உங்க அப்பான்னு நினைக்காதே. மத்தவங்களை எப்படிக் கேட்டியோ அப்படியே கேளு."

அவள் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆறாவது தொட்டியைக் கடைசியா எப்போ சுத்தம் பண்ணீங்க?"

பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று பேசிய பிள்ளை. அந்த 'நீங்க' அவர் நெஞ்சில் போய்த் தைத்தது.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி."

"மூடியில வேற தேதி இருக்கே?"

"அது பொய்."

பேனா ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. "ஏன் சுத்தம் பண்ணல?"

"முழங்கால் மடங்கல. இறங்கினா ஏறி வர முடியாது. வெளிய சொன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன்."

அவள் தலை தூக்கினாள். முழங்கால் விஷயம் அவளுக்கும் இப்போதுதான் தெரியும். ஒரே அறையில் இருக்கிற பிள்ளை! நாலாம் மாடிக்குக் கேட்ட நொண்டல் அவள் காதில் விழவே இல்லை.

"வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அந்தக் கேள்வி தாளில் கிடையாது. டீச்சர் கவனித்தார், ஆனால் தடுக்கவில்லை.

"இல்ல."

"ஏன்?"

"கேக்க யாரும் இல்லைன்னு நெனச்சேன் கண்ணு. எல்லாருக்கும் அவங்கவங்க பாடு."

ரேடியோ அதை எழுதவில்லை. ஒரு சொட்டு தாளில் விழுந்தது, அதைப் புறங்கையால் துடைத்தாள். மஞ்சள், மஞ்சள் என்று எழுதியிருந்த இடம் கொஞ்சம் கலைந்தது.

"கடைசிக் கேள்வி. என்ன தேவை?"

"ஒரு இரும்பு ஏணி. இல்லைன்னா முழங்கால் நல்லா இருக்கிற வேற ஒரு ஆளு."

அவள் ஏணி என்று மட்டும் எழுதினாள். கையெழுத்துப் போட அவரிடம் தாளைத் தள்ளினாள். டீச்சர் அதை வாங்கிக்கொண்டபோது மூன்றுக்கு ஒரு நிமிடம் பாக்கி.

வகுப்புக் கதவு சாத்தப்பட்டது. தொட்டிக்காரர் பழையபடி பெஞ்சுக்கு வந்தார். உள்ளே ஒவ்வொருவராக எழுந்து படித்தார்கள். குரல்கள் தயங்கின, திக்கின, சிரித்தன. கடைசியாக நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ரேடியோ முதல் தொட்டியிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு. சின்ன வயதில் படிக்கட்டில் நின்று பேசிய அதே கணீர்க் குரல். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. செயலாளர்.

"எங்கய்யா இருக்கே? ஆறாவது கட்டடத்துல யார் வீட்டுலயும் தண்ணி வரல, எல்லாரும் என் வாசல்ல வந்து நிக்கிறாங்க!"

அதே பெஞ்சு, அதே கேள்வி.

"என் பொண்ணு ஸ்கூல்ல இருக்கேன் சார். வால்வை மூடினது நான்தான்."

"மூடினியா? எதுக்குய்யா?"

உள்ளே ஐந்தாவது தொட்டி முடிந்தது. எழுந்து நொண்டிக்கொண்டே வகுப்பு ஜன்னல் பக்கம் போனார். போனை உயர்த்தி, கம்பிக்கு நடுவே பிடித்தார்.

"ஆறாவது தொட்டி," என்றது ரேடியோவின் குரல். நின்றது. தாண்டிப் போய்விடுவாளோ என்று நினைத்தார். அவள் தாண்டவில்லை. "பாட்டிலின் நிறம் கறுப்பு. இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கடைசியாகச் சுத்தம் செய்தது ஐந்து மாதத்துக்கு முன்பு. மூடியில் எழுதியிருக்கும் தேதி பொய் என்று பொறுப்பாளரே சொன்னார். அன்றைக்கு அவர் தன் மகளின் பள்ளிக்கூடத்தில், வெளியே ஒரு பெஞ்சில் இருந்தார்."

கடைசி வரி தாளில் இல்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டாள்.

அவர் போனைக் காதுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரா என்று பார்த்தார், வைக்கவில்லை. திரையில் நொடிகள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

"சார்?" என்றார் தொட்டிக்காரர்.